தொண்ணூற்றிரண்டு ரப்பர் கொட்டைகள்

1943-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். மலாயாவில், கெடா மாநிலத்து லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் அந்த ஆண்டைத் தங்கள் கணக்கில் 2603 என்று எழுதச் சொன்னார்கள். கடிகாரத்தையும் தங்கள் ஊர் நேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். எனக்குப் பதினேழு வயது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்திருந்தேன். பழைய தேதியை விட்டுவிடக் கூடாது என்று ஒரு நோட்டில் நாள் தவறாமல் குறித்துவந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் லாரிகள் வந்து நின்றன. சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆண்களை ஏற்றினார்கள். என் அப்பாவுக்கு ஒரு கண் தெரியாது; அவரை விட்டுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்காவின் கணவரைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மறுநாள் அக்கா என்னிடம் வந்தார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"புள்ள, மூணு மாசம்னா எத்தன நாளு?"

எல்லோரும் தொண்ணூறு என்பார்கள். நான் மாதங்களைக் கூட்டிப் பார்த்து, தொண்ணூற்றிரண்டு என்றேன். அவருக்கு அவ்வளவு எண்ணத் தெரியாது. மரத்தடியில் விழுந்துகிடந்த ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி, சரியாகத் தொண்ணூற்றிரண்டை, ரப்பர் பால் பிடிக்கும் ஒரு மங்கில் போட்டுக் கொடுத்தேன். தினமும் காலையில் ஒன்றை எடுத்து வீசச் சொன்னேன்.

அக்கா மாறிப்போனார். "ஏய் பஞ்சாங்கம், இன்னிக்கு ஒன்னு கொறஞ்சிருச்சு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே கொட்டையை வீசுவார்.

"ரெண்டு ரெண்டா வீசுடி, சீக்கிரம் வந்துருவாரு" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அவர்களுடைய கணவர்களும்தான் போயிருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டால், "அவரு வந்து கொத்துவாரு, நீங்க போங்க" என்பார். பங்கீட்டில் கிடைத்த கொஞ்ச அரிசியையும் சமைக்காமல் கணவருக்கென்று டின்னில் சேர்த்துவைத்தார். அக்கா மெலிந்துகொண்டே போனது எனக்குத் தெரிந்தது. மங்கு காலியாகும் நாளுக்காக நானும் காத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. அக்கா குளித்து, சோறு ஆக்கி, இலையில் கட்டிக்கொண்டு சிம்பாங்கில், சாலை பிரியும் இடத்தில், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"எண்ணுனதுல எங்கயோ பிசகு இருக்கும் புள்ள. இன்னும் பத்து நாளு இருக்குன்னு சொல்லேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை எடுத்து வந்து, பக்கம் பக்கமாக விரல் வைத்துக் காட்டினேன். "என் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பாதுக்கா."

எழுதப் படிக்கத் தெரியாத அவர் அந்த நோட்டையே பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவர் என்னைப் பஞ்சாங்கம் என்று கூப்பிடவில்லை. மழை பிடித்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, மருந்து கிடையாது. மற்ற பெண்கள் கிழங்கு அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எனக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூச்சமாக இருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அக்கா இறந்துபோனார். அவரைக் கொன்றது காய்ச்சல்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

போர் முடிந்து, 1945-இன் கடைசியில் அவர் கணவர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். காலில் ஆறாத புண். எல்லாவற்றையும் குறித்துவைப்பவள் நான்தான் என்று யாரோ சொல்லி, என்னிடம் வந்தார். அக்கா இறந்த தேதி, கிழமை, நேரம் மூன்றையும் நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டுச்சாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரே சுவருக்கு இந்தப் புறம்தான் இருந்தேன். தெரியவில்லை.

மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று இப்போது எத்தனையோ புத்தகங்கள் வருகின்றன. கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன். நம்பிக்கையோடு இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால், கஷ்டத்தில் இருப்பவர்கள் "இது எப்போது தீரும்?" என்று என்னிடம் கேட்கும்போது, இந்த வயதிலும் ஏதோ ஒரு தேதி நாக்கு நுனிவரை வருகிறது, அதை விழுங்கிக்கொண்டு, "இன்றைக்குச் சாப்பிட்டாயா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.