வாச்சர் கொடுத்த விசில்

கோடை பிறந்தால் போதும், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். காட்டில் தீயைக் கண்டாலோ, தீ வைப்பவரைக் கண்டாலோ உடனே தெரிவியுங்கள், உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று. நாங்கள் இருப்பது தூத்துக்குடியில், துறைமுகச் சாலை ஓரம். இங்கே பற்றிக்கொள்ள நிலக்கரி உண்டு, காடு கிடையாது. இருந்தாலும் பத்துப் பேர் கைகூப்புவார்கள். நானும் கைகூப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன். நாளெல்லாம் கப்பல் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு அதற்குமேல் தெம்பு இல்லை. தவிர, அப்படி ஒரு தகவலைப் பாதி சொல்லிப் பாதியை விழுங்கியவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சாத்தான்குளத்துப் பக்கம், தேரியை ஒட்டிய ஊரில் கடைசி வீடு எங்களுடையது. மொட்டை மாடியில் ஏறினால் தேரியின் செம்மணல் மேடுகள் தெரியும். அந்த மணல் நகராமல் இருக்கக் காட்டிலாகா நட்டு வளர்த்த உடைமரங்களும் தெரியும். மரம் போனால் மேல்காற்றுக்கு மணல் கிளம்பிக் கிணற்றைத் தூர்த்துவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் அந்த வருஷம் மூன்று தடவை தீ வைத்திருந்தார்கள். பச்சை மரத்தை வெட்டினால் கேஸ். கருகிப் பட்டுப்போன மரத்தைப் பொறுக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே விறகு வேண்டியவர்கள் அரிவாளை எடுப்பதில்லை, தீப்பெட்டியைத்தான் எடுப்பார்கள். ஒரு மாதம் பொறுத்து, பச்சைப் பிள்ளைகள் மாதிரிப் போய்ச் சுள்ளி பொறுக்கி வருவார்கள்.

இதைத் தடுக்கத்தான் காட்டிலாகா வாச்சர் அண்ணாச்சி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பக்கத்து ஊர்க்காரர், தினக்கூலி வேலை. வெளுத்த காக்கிச் சட்டை, சைக்கிள், கழுத்தில் ஒரு விசில். தேரிக்குள் யாராவது பீடி பற்றவைத்தால்கூட அந்த விசில் சத்தம் எங்கள் வகுப்புவரைக்கும் கேட்கும். அவருக்கு நீளமாகப் பேச வராது. கரும்பலகையில் தன் போன் நம்பரை எழுதிவிட்டு இவ்வளவுதான் சொன்னார்:

“இன்னொரு தீ புடிச்சு, வச்சது யாருன்னு நான் சொல்லாட்டா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க பிள்ளையளா. எனக்கு ரெண்டே கண்ணு. நீங்கதான் பாத்துச் சொல்லணும். முதல்ல போன் பண்ணுத பிள்ளைக்கு ஆபீஸ்ல கேட்டுப் புது விசில் வாங்கித் தாரேன்.”

டீச்சர் எல்லோரையும் உறுதிமொழி எடுக்கச் சொன்னார். மற்றவர்கள் மணி அடித்ததும் அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. காட்டின் மேல் இருந்த பிரியத்தால் அல்ல, விசிலின் மேல் இருந்த ஆசையால். லீவு நாள்களில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குடையை விரித்துக்கொண்டு தேரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டிலேயே ஒரு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. வேலை இல்லை, வாய் உண்டு. எங்கள் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனம் நடக்கும். அதற்கு ஒருவர் அரிசி தருவார், ஒருவர் ஆடு தருவார். அந்த வருஷம் கூட்டத்தில் மாமா எழுந்து, அடுப்புக்கு வேண்டிய விறகு மொத்தமும் என் காணிக்கை என்று சொல்லிவிட்டார். போதகர் ஐயர் கைதட்டினார், சபையே கைதட்டியது. வீட்டுக்கு வந்து அம்மா, விறகுக்கு எங்கே போவாய் என்று கேட்டதற்கு, கர்த்தர் தருவார் என்றார் மாமா.

ஆனி மாதத்து மேல்காற்று பத்து மணிக்குத்தான் எழும்பும். விடிகிற நேரத்தில் இலைகூட அசையாது. அப்போது போய்ப் பத்து மரத்தை மட்டும் கருக்கிவிட்டு வந்துவிடலாம் என்பது மாமாவின் திட்டம். ஆனால் மாமாவின் தூக்கம் ஊரறிந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் எழுந்தபோது ஒன்பதரை. மறுநாளைக்குத் தள்ளலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகவேண்டும். டிவிஎஸ் வண்டியில் மண்ணெண்ணெய் கேனை மாட்டிக்கொண்டு தேரிக்குள் போனார். போகும்போது மாடியில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் புகை எழும்பியது. கூடவே காற்றும். நான் ஓடிப்போய் அம்மாவின் பட்டன் போனை எடுத்தேன்.

“அண்ணாச்சி, தேரியில புகை வருது.”

“எங்கனம்மா?”

“ரெட்டைப் பனைக்கு மேக்க.”

“யாரும் உள்ள போனத பாத்தியா?”

“பாத்தேன். நேர்ல வாங்க, சொல்லுதேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. போனிலேயே சொல்லிவிட்டால் விசில் கைக்கு வராது என்று நினைத்திருப்பேன். மாமாவையும் தீயையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்த்தேனா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

பத்து மரத்துக்கு வைத்த தீ ஒரு மேட்டையே தின்றது. வாச்சர் விசிலடித்துக்கொண்டே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஊரும் ஓடியது. பச்சைக் கிளைகளால் அடித்து, மணலை வாரிப் போட்டு, மூன்று மணி வாக்கில் அணைத்தார்கள். எல்லோரையும்விட மூர்க்கமாக அணைத்தவர் மாமாதான். வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது.

அம்மா கற்றாழையைக் கீறி அவர் கையில் தடவிக்கொண்டிருந்தாள். மாமா வாயே திறக்கவில்லை. அவர் வாயில்லாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். அம்மா கோயிலில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதை எங்களை மனப்பாடம் செய்ய வைத்தவள். என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள்:

“ஏளா, நீ ஒண்ணும் பாக்கல. வெளங்குச்சா? மாமாவ ஜெயிலுக்கு அனுப்பவா உன்னைய பெத்தேன்?”

சாயங்காலம் வாச்சர் வந்தார். சட்டையெல்லாம் கரி. அம்மா காப்பி கொடுத்தாள். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சொல்லு பாப்பா, யாரப் பாத்த?”

அம்மா என்னைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

“புகையத்தான் பாத்தேன்” என்றேன்.

அவர் காத்திருந்தார். பிறகு மாமாவின் கையைப் பார்த்தார். “அணைக்கப் போயி பட்டுதா தம்பி?” என்று கேட்டார். மாமா தலையாட்டினார். வாச்சர் நோட்டில் ஏதோ ஒரு வரி எழுதி மூடினார். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, “வாரேன்” என்று போய்விட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. என் வாயால் ஒரு பேர் வரவேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். இதை எழுதும்போது அலுப்பாக இருக்கிறது. எத்தனை தடவை நினைத்தாலும் அந்தப் பிள்ளை அதே பதிலைத்தான் சொல்கிறது.

ஆவணியில் அசனம் வந்தது. உடைமர விறகு நின்று எரியும். மாமா வாக்குக் கொடுத்தபடி வண்டி வண்டியாகக் கருகின மரம் வந்து இறங்கியிருந்தது. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வழக்கம்போல மணந்தன. கிணற்றடியில் மட்டும் நாலு பேர் மண்வெட்டியோடு மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அசனத்துக்கு எந்தச் சாமி கும்பிடுகிறவரும் வரலாம். வாச்சர் வருஷா வருஷம் வருவார், அந்த வருஷமும் வந்தார். காக்கிச் சட்டை இல்லை. கைலியும் துண்டுமாக வந்து பந்திக் கடைசியில் உட்கார்ந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. பந்தியில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. தழும்பு விழுந்த கையால் மாமா அவருக்குச் சோறு வைத்தார். போதும் என்று அவர் சொல்லியும் இன்னொரு கரண்டி வைத்தார்.

கை கழுவிவிட்டு வாச்சர் என்னைக் கூப்பிட்டார். மடியிலிருந்து விசிலை எடுத்து நீட்டினார். முலாம் தேய்ந்து, கயிற்றில் வேர்வைக் கறை ஏறின விசில்.

“முதல்ல போன் பண்ணுனது நீதானம்மா.”

“புது விசில் தாரேன்னு சொன்னீங்களே?”

“இதுதான் இருக்கு பாப்பா” என்றார்.

நான் அதை அங்கேயே ஊதிப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. பந்தியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மாமா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எல்லோரும் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. புதுசு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பழசைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரே என்று அன்றைக்கு முழுவதும் வாச்சர் மேல் கோபமாக இருந்தேன்.