என் துப்பறிவாளர்களில் ஒருவன்

எண்பதுகளில் ஒரு மாத இதழில் நகைச்சுவைத் துப்பறியும் தொடர் எழுதினேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு மாணவர்கள், காணாமல்போன சாம்பார் வாளியையும் வார்டனின் பல்செட்டையும் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் காதலர்கள். அதை நான் வெளிப்படையாக எழுதவில்லை. வாசகர்கள் நட்பு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஒருவன் நான். இன்னொருவன் முள்ளிப்பட்டு சேகர், கல்லூரியில் என் அறைத்தோழன்.

தனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சேகர் சேவூரில் என் வீட்டுக்கு வந்தான்.

“அந்தப் பொண்ணு உன் கதைய விடாம படிச்சிகினு இருக்குது. அதுல வர்றது நீங்கதானேன்னு கேக்குது. பயமா இருக்குடா. என்னை சாவடிச்சிடு.”

“சிரிப்புக் கதைடா. இதுல யாரும் சாவ மாட்டாங்க.”

“அப்ப எங்கனா அனுப்பிடு,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த இதழில் அவனை வேலைக்காகப் பம்பாய்க்கு ரயில் ஏற்றினேன். அவன் கல்யாணப் பந்தியில் நானே பரிமாறினேன். அதன்பின் கதையில் மிஞ்சியவன் தனியாகத் துப்பறிந்தான்.

சில மாதங்கள் கழித்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவிதான் பேசினாள்.

“அண்ணா, பம்பாய் போனவரு இல்லாம கதையே நல்லா இல்லீங்க. பாவம், அந்த இன்னொருத்தரு ஒண்டியா கஷ்டப்படறாரு. எப்ப கூட்டிகினு வருவீங்க?”

“பாக்கலாம்மா,” என்றேன்.

அதுவரை அவளை வெறுத்துத்தான் என் துக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அதுவும் முடியாமல் போயிற்று.