தீப்பெட்டிக்கு வராத பல்

சங்ககிரியில் நான் படித்த பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவனும் வகுப்புத் தலைவனும் நானே. சொன்னதைச் செய்பவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து, சூரமங்கலத்துப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதாக அப்பா சொன்னதும், பிடுங்கிய பல்லைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து காட்டுவதாக வகுப்பில் அறிவித்துவிட்டேன். காலித் தீப்பெட்டி சட்டைப்பையில் இருக்க, மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்தேன்.

“பால்பல்லுதானுங்க, புடுங்கிப் போட்டுருங்க. மறுக்கா மொளைச்சுக்கும்,” என்றார் லாரி வைத்திருந்த அப்பா.

“இது ஆறு வயசுல மொளைச்ச பல்லுங்க. புடுங்குனா அத்தோட சரி,” என்ற மருத்துவர் என் பக்கம் குனிந்தார். “ராத்திரி தூங்க உடுதா சாமி?”

இரவெல்லாம் வலித்தால் பிடுங்கிவிடுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். “கண்ணே மூடலைங்க,” என்றேன்.

“நேத்து இவன் உட்ட கொறட்டைல நாந்தானுங்க தூங்கல,” என்றார் அப்பா.

மருத்துவர் சிரிக்கவில்லை, பொய் சொன்னாய் என்று சுட்டவும் இல்லை. குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சைப் பல்லில் வைத்தார், சுரீரென்றது. எடுத்ததும் வலி நின்றுபோனதை என் முகமே காட்டிக்கொடுத்தது. பல்லைத் தட்டிப் பார்த்தார், வலிக்கவில்லை.

“உள்ள நரம்பு நல்லா இருக்குதுங்க. சொத்தையச் சொரண்டி அடைச்சாப் போதும்.”

“மறுபடி வலிச்சா?”

“அப்ப அடுத்ததைப் பார்க்கலாமுங்க. டயர் பஞ்சரானா மொதல்ல ஒட்டுவீங்களா, தூக்கி எறிவீங்களா?”

“ஒட்டித்தானுங்க ஓட்டறோம்,” என்று அப்பா அடங்கிவிட்டார். நான் அழத் தொடங்கினேன்.

மறுநாள் வகுப்பு முழுவதும் என் காலித் தீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தது. அந்த மருத்துவருக்குப் பல் பிடுங்கவே தெரியாது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். என் பொய்யை அவர் நம்பியிருந்தால் அந்த இடம் வாழ்நாள் முழுவதும் வெறுமையாகவே இருந்திருக்கும் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. கல்லூரி முடித்து, பணி ஓய்வும் பெற்றுவிட்டேன். அடைப்பை இருமுறை புதுப்பித்ததுண்டு. பல் அதே பல். பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கும்போதெல்லாம் அவரை நன்றியுடன் நினைக்கிறேன்.

பல்லைப் பிடுங்குவார்களோ என்று பயந்து நான் அழுததாகவும், மருத்துவர் மனமிரங்கி விட்டுவிட்டதாகவும் அன்று உடன் வராத என் அண்ணன் உறவினர்களிடம் கூறிவருவது தவறு. மருத்துவர் பிடுங்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகே நான் அழுதேன்.