தலைக்குப் போன கண்ணாடி

1. கொசுவலை

"இது ரத்தமா, கொசுவலையா?"

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்த எங்கள் வெள்ளைக்கார துரை என்னைப் பார்த்து இப்படித்தான் கேட்டார். இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அந்த வயதிலேயே இங்கிலீஷ் நன்றாகப் புரியும். பள்ளியில் கற்ற இங்கிலீஷ் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தமிழ்ப் பள்ளி. மற்றதெல்லாம் காதால் பிடித்ததுதான்.

பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் எனக்கு வேலை. பாட்டில் கழுவுவேன், ஸ்லைடு கழுவுவேன். அதற்கு முன்பு துறைமுகத்துக் கிட்டங்கியில் அரிசி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். கோணி ஊசியைப் பிடித்த கை மைக்ரோஸ்கோப்பைப் பிடித்தது என்றால் சும்மா இல்லை. பினாங்கு முழுக்கத் தேடினாலும் என்னைப் போல இன்னொருவன் அப்போது கிடைத்திருக்க மாட்டான்.

அந்த வருஷம் லேப்பிலிருந்து ஓர் ஆளைச் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். அங்கே டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பக்கத்திலேயே உட்கார வைத்து லேப் வேலை சொல்லிக்கொடுப்பார்கள். முடித்து வந்தால் லேப் அசிஸ்டென்ட். அப்போதைய கல்லூரிதான் இப்போது பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது.

யாரை அனுப்புவது? மாசக் கடைசியில் துரை கப்பலேறிச் சிங்கப்பூர் போகிறார். அதற்குள் நல்ல ரத்த ஃபிலிம் போட்டுக் காட்டினால் நான். இல்லாவிட்டால் யாரும் இல்லை. நானோ முந்திக்கொண்டு சூலியா தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் என்னை "டாக்டர் வாங்க" என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார். இந்த நிலையில்தான் கொசுவலை.

"கிளாஸில் எண்ணெய் இருக்கிறது. ஒழுங்காகக் கழுவு. கழுவத் தெரியாதவன் சிங்கப்பூர் போய் என்ன செய்யப் போகிறான்?" என்றார் துரை.

2. கழுவினேன், கழுவினேன்

ரத்த ஃபிலிம் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். காய்ச்சல்காரர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடு ஓரத்தில் வைக்க வேண்டும். இன்னொரு ஸ்லைடின் விளிம்பைச் சாய்வாக அதில் தொட்டு, ஒரே இழுப்பில் தள்ள வேண்டும். ரத்தம் நாக்கு மாதிரி மெல்லிசாகப் படியும். காய்ந்ததும் சாயம் போட்டுப் பார்த்தால் மலேரியாக் கிருமி தெரியும். கண்ணாடியில் துளி எண்ணெய் பட்டாலும் ரத்தம் அந்த இடத்தை விட்டு விலகிப்போகும். துரை சொன்ன கொசுவலை ஓட்டை அதுதான்.

நான் கழுவின ஸ்லைடில் எண்ணெயா? சோப்புத் தண்ணீரில் வேகவைத்து, அலசி, ஸ்பிரிட்டில் முக்கி, வெளுத்த துணியில் துடைத்து, வாயால் ஊதிப் பார்ப்பேன். ஆவி ஒரே சீராகப் படியும். அப்படிக் கழுவ அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனாலும் மறுநாளும் ஓட்டை. அதற்கு மறுநாளும் ஓட்டை.

சாயம் கலக்குகிற சீனர் அ ஹோக் எனக்குப் பக்கத்து மேசை. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

"லுபாங் சாஜா," என்று சிரித்தார். வெறும் ஓட்டைதான் என்று அர்த்தம். "உன் ஃபிலிமில் மீன் பிடிக்கலாம்லா."

"ரப்பர் தோட்டத்து ஆளுங்க ரத்தம் அப்படி. கஞ்சி குடிச்ச ரத்தம்," என்றேன்.

"அப்ப உன் ரத்தத்தை எடு."

எடுத்தேன். ஓட்டை. அ ஹோக்கின் விரலைக் குத்தினேன். அதிலும் ஓட்டை. பிறகு அவர் நான் கழுவின ஸ்லைடையே எடுத்து, என் ரத்தத்தையே வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பட்டுத்துணி மாதிரி வந்தது.

"ரத்தம் நல்ல ரத்தம். ஸ்லைடும் நல்ல ஸ்லைடு. மிச்சம் இருக்கிறது நீதான்," என்றார்.

கார்பாலிக் சோப்புப் போட்டுக் கையை உரித்தெடுத்தேன். தோல் வெளுத்ததுதான் மிச்சம். துரை கப்பலேற ஒரு வாரம்கூட இல்லை. டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, சந்து வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

3. ராக்கம்மாவின் சந்தேகம்

சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா என்று ஒரு பெண் காய்ச்சலோடு வந்து வார்டில் இருந்தார். தினமும் ரத்தம் எடுக்க லேப்புக்கு நடந்து வருவார். காய்ச்சல் உடம்பில்தான், வாயில் இல்லை. அன்றைக்குப் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்க, அவர் விரலைக் குத்திச் சொட்டு எடுத்து வைத்தேன்.

"ஏண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"தலையில பேன் இருக்கா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வைத்தியம் பாக்க வந்தியா, என் தலைய பாக்க வந்தியா?"

"பின்ன என்னண்ணே, அந்தக் கண்ணாடிய வச்சுத் தலையச் சொறியிறீங்க. நேத்தும் சொறிஞ்சீங்க. அப்புறம் அதக் கொண்டாந்துதான் என் ரத்தத்துல வக்கிறீங்க. எனக்குப் பேன் காய்ச்சல் வந்துடாது?"

"நான் எப்ப சொறிஞ்சேன்?"

"இப்பத்தான்," என்று பெஞ்சில் இருந்த எல்லோரும் சொன்னார்கள்.

நான் நம்பவில்லை. அ ஹோக்கைக் கூப்பிட்டு என் கையைப் பார்க்கச் சொன்னேன். மெதுவாக ஒரு ஃபிலிம் போட்டேன். கை எங்கேயும் போகவில்லை. "பாத்தியா?" என்றேன். "இப்ப வேகமா, எப்பவும் செய்யிற மாதிரி செய்," என்றார். சொட்டு வைத்தேன். தள்ளுகிற ஸ்லைடை எடுத்தேன். காதுக்கு மேலே என் மணிக்கட்டை அ ஹோக் கப்பென்று பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி விளிம்பு என் முடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. கோணி தைக்கிறவன் ஊசி வழுக்கிக்கொண்டு போக அதை எண்ணெய்த் தலையில் ஓர் உரசு உரசிக்கொள்வான். நாலு தையலுக்கு ஒரு தடவை. வருஷக்கணக்காகச் செய்த கை, நான் வேலை மாறிய சேதி தெரியாமல், கண்ணாடியையும் தலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. என் தலையிலோ எப்போதும் தேங்காய் எண்ணெய் வழியும்.

கையைத் திருத்த ஒரு வாரம் போதாது. தலையைத் திருத்தலாம். அன்று சாயங்காலமே நாவிதரிடம் போய் மொட்டை அடித்துக்கொண்டேன்.

4. மொட்டை

தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் தண்ணீர்மலை முருகனுக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். சிங்கப்பூர் போவதற்குத்தான் என்றேன். பொய் இல்லை.

மறுநாள் காலை மொட்டைத் தலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஸ்லைடைத் தொட்டேன். கை அப்போதும் தலைக்குப் போனது, போகட்டும் என்று விட்டேன். ராக்கம்மாவின் ரத்தத்தில் ஃபிலிம் போட்டேன். ஓர் ஓட்டை கிடையாது. கிருமி ஒவ்வொன்றும் மோதிரம் மோதிரமாகத் தெரிந்தது. அப்படி ஒரு ஃபிலிமை இன்றுவரை வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

துரை வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அ ஹோக் போட்டதா?" என்றார்.

"நான் போட்டது, துரை."

நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். "முடி எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அ ஹோக் அரைகுறை இங்கிலீஷில், கை சாடையோடு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துரை நாற்காலியில் சாய்ந்து சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "தப்பு எங்கே என்று தெரிந்தால் தலையையே எடுக்கிற ஆள் எனக்கு வேண்டும். துணிமணி எடுத்து வை," என்றார். அந்த வாரம் அவர் போன கப்பலில், கீழ்த்தட்டில், நானும் போனேன்.

இப்போது இந்த வேலைக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மைக்ரோஸ்கோப் பார்க்க அங்கே கற்றுத்தருவார்கள். உங்கள் கையை நீங்களே பார்க்க எந்த ஊரிலும் கற்றுத்தர முடியாது. பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளி சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் அடக்கிக்கொண்டு கேளுங்கள்.

சிங்கப்பூரில் முதல் நாளே, என் பக்கத்தில் உட்கார்ந்த மாணவரிடம், நான் வேலை செய்யும்போது என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "கை சுத்தமா இருக்கு, வாய்தான் ஓயவே மாட்டேங்குது," என்றார். அதை மட்டும் நான் திருத்திக்கொள்ளவில்லை.