ஏர்கோன் அறையில் கடலை மிட்டாய்

கோத்தா திங்கியில் டிசம்பர், கடலை மிட்டாய் செய்வதற்கு ஏற்ற மாதமல்ல. மழை விடாது. பாகு எவ்வளவு சரியாக வந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தில் மிட்டாய் பிசுபிசுத்துவிடும். ஆனால் கெர்ட்ரூட்டிடம் மிட்டாய் கேட்டு ஆட்கள் வருவதே கிறிஸ்துமஸை ஒட்டித்தான்.

அவள் கணவர் ரபேல் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டவும் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் வீட்டுப் பராமரிப்பாளராகக் காலையில் நான் போவேன். மருத்துவமனைத் தாதிகளை அழைப்பதுபோல என்னையும் 'மிஸ்ஸி' என்பார். ஆளைத் தூக்க ஒரு முறை இருக்கிறது. அதைக் கெர்ட்ரூட்டுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் நான் வேலைக்குச் சேர்வதற்குள்ளேயே அவள் முதுகைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஜோஆனுக்கு ஜொகூர் பாருவில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அப்பாவால் தானாகவே எழுந்து நாற்காலிக்கு மாற முடியாவிட்டால், அவரை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகப் போனில் சொல்லிவிட்டாள். கெர்ட்ரூட் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "பாப்போம்லா" என்றாள்.

ரபேலோ எங்கள் முன்னால் எழுந்து நிற்க மறுத்தார். "கால்ல பலம் இல்ல மிஸ்ஸி." அந்தக் காலைத் தினமும் அழுத்திப் பார்ப்பவள் நான். பலம் இருந்தது.

கெர்ட்ரூட் கடலையைச் சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கிப் புடைத்து வைப்பாள். சீனியைக் காய்ச்சி, ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவாள். அது 'டக்'கென்று உடைந்தால்தான் கடலையைக் கொட்டுவாள். எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, போத்தலை உருட்டி, சூடு இருக்கும்போதே கட்டம் கட்டமாகக் கத்தியால் கோடு போடுவாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு ரபேலின் அறைக்கு ஓடுவாள். அறையைக் குளிர்வித்து ஈரத்தை இழுக்கும் ஏர்கோன் வீட்டில் அங்கு மட்டும்தான் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் உள்ள குட்டை அலமாரியின் மேல் தட்டு ஆறும்.

"நோயாளி அறையில தின்பண்டம் வைக்காதே" என்றேன்.

"பின்ன எங்க வைக்கிறது அக்கா? உங்க தலையிலயா?"

கட்டிலிலிருந்து ரபேல் சொன்னார்: "வாசம் எனக்கு. மிட்டாய் ஊர்க்காரனுக்கு."

டாக்டர் அவருக்குக் குழைந்த உணவு மட்டும்தான் அனுமதித்திருந்தார். கடலை மூச்சுக்குழாயில் அடைத்தால் என்ன ஆகும் என்று நானும் பயமுறுத்தி வைத்திருந்தேன்.

சில நாட்களில் தட்டின் ஓரத்துத் துண்டுகள் காணாமல் போகத் தொடங்கின. கட்டமாக வெட்டியதால் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. "எலிக்கா! ஏர்கோன்ல சொகுசா உக்காந்து தின்னுது" என்று பொருமிய கெர்ட்ரூட், சீனர் கடையில் எலிப்பசை அட்டை வாங்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் நான் போனபோது அவள் கோயிலுக்கு மிட்டாய் டின்களைக் கொடுக்கப் போயிருந்தாள். அறையிலிருந்து குரல் வந்தது. "மிஸ்ஸி... மெதுவா வாங்க."

ரபேல் நின்றுகொண்டிருந்தார். அலமாரியில் இடுப்பைச் சாய்த்து, வலது உள்ளங்கையில் எலிப்பசை அட்டை தொங்க, கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்க நின்றார். நல்ல கையே ஒட்டிக்கொண்டதால் கட்டில் கம்பியைப் பிடித்துத் திரும்ப முடியவில்லை.

"முதல்ல வாயில உள்ளதத் துப்புங்க."

என் கையில் ஒரு கடலை விழுந்தது. சட்டைப் பையிலும் நக்கி வெளுத்த கடலைகள் கிடந்தன.

"கச்சான் கடலையத் தின்னல மிஸ்ஸி. அடைக்கும்னு சொன்னீங்கள்ல. இனிப்ப மட்டும் சப்பினேன்."

அவருக்குப் பின்னால் நாற்காலியைத் தள்ளி உட்கார வைத்தேன். சமையல் எண்ணெய் ஊற்றித் தேய்த்தால் அந்தப் பசை விடும். தேய்த்துக்கொண்டே, எங்கள் முன்னால் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

"விழுந்தா ரெண்டு பேரும் பாப்பீங்க. அவ அழுவா, நீங்க திட்டுவீங்க."

"தனியா விழுந்து மண்டை ஒடஞ்சிருந்தா? இப்பவும் திட்டத்தான் போறேன்." திட்டினேன்.

அதற்குள் கெர்ட்ரூட் வந்துவிட்டாள். எண்ணெய்க் கையையும் அட்டையையும் பார்த்தாள். "அலமாக்! நான் முதுகு ஒடியத் தூக்குறேன், நீங்க திருட மட்டும் நடந்து போறீங்களா?"

"திருடலடி. என் ஏர்கோனுக்கு வாடகை."

தோளில் கிடந்த துண்டால் அவரை ஒரு அடி அடித்தாள். பிறகு, "எங்க, எந்திரிங்க பாப்போம்" என்றாள்.

"கை வழுக்குது. நாளைக்கு."

"இப்பவே."

எழுந்தார். நான் இடுப்பைப் பிடித்திருந்தேன்; அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து நான் இல்லாமல் நடக்கக் கூடாது, மிட்டாய்க்குப் பதில் சீனிப்பாகு விட்ட கஞ்சி என்று ஏற்பாடானது. எலிப்பசை குப்பைக்குப் போனது. தட்டு மட்டும் அதே இடத்தில் ஆறியது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஜோஆன் வந்தாள். நானும் இருந்தேன். அவள் கட்டிலருகே நின்று, "எந்திரிச்சுக் காட்டுங்கப்பா" என்றாள். ரபேல் அலமாரியைப் பார்த்தார். மிட்டாயெல்லாம் கொடுத்து முடிந்து அது வெறுமையாகக் கிடந்தது. அவர் அசையவில்லை. ஜோஆன் என்னைப் பார்த்தாள்.

கெர்ட்ரூட் அடுப்படிக்குப் போனாள். தனியாக எடுத்து வைத்திருந்த கடைசித் தட்டைக் கொண்டுவந்து அலமாரியின் மேல் வைத்தாள்.

ரபேல் கம்பியைப் பிடித்து எழுந்தார். நாற்காலியைத் தாண்டி அலமாரி வரை போய்க் கையை நீட்டினார்.

"போதும்பா, உக்காருங்க" என்றாள் ஜோஆன். "அந்த ஹோமுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன்."

கெர்ட்ரூட்டின் கண் தட்டிலேயே இருந்தது. "மேல் வரிசையத் தொடாதீங்க. அது பாதிரியாருக்கு."