ரசமட்டக்காரரின் கண்கள்

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் ரசமட்டத்தை அவ்வப்போதுதான் எடுப்பார்கள். நாலு வரிசை ஒட்டியதும் ஒரு தடவை வைத்துப் பார்த்து, குமிழ் நடுவில் நின்றால் மறுபடி பைக்குள் போட்டுவிடுவார்கள். இவர் ஒவ்வொரு டைலுக்கும் வைப்பார். நூல் கட்டாமல் ஒரு சதுரம்கூட ஒட்டமாட்டார். ஒட்டியதும் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். சாப்பிட உட்காரும்போதும் சின்ன ரசமட்டம் ஒன்று இடுப்பில் செருகியிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்தில் சொந்தப் பெயர் தேய்ந்துபோய், வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களும் "ரசமட்டம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

"இருக்கார், கட்டில் மட்டமா இருக்கான்னு பார்த்துட்டு இருக்கார்" என்பாள் மனைவி.

அவர் ஏன் அப்படி என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. அவருக்குக் கோடுகள் அசையும். நேராக ஒட்டிய வரிசை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றில் ஆடும் கொடிக்கயிறு மாதிரி மெல்ல நெளியும். வெள்ளைச் சுவரில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கொதிக்கும். யாராவது கையை வீசினால் அந்தக் கைக்குப் பின்னால் ஏழெட்டுக் கைகள் வெளிச்சமாக வரிசையில் வந்து மறையும். இருபத்துமூன்று வயதிலிருந்து இப்படித்தான்.

அம்மா இறந்துபோன வருடம் அது. ராப்பகலாக ஜெபித்துப் பார்த்தார். மேலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அப்போது கூட வேலை செய்த பெயின்டர் ஒருவன், நகத்தளவு தாள் ஒன்றைக் காட்டினான். நாக்கில் வைத்தால் கடவுளையே நேரில் பார்க்கலாம் என்றான். அந்த ஒரு வருடத்தில் எட்டுத் தடவை வைத்தார். பிறகு நிறுத்திவிட்டார். கண் மட்டும் திரும்பி வரவில்லை. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கண்ணில் கோளாறு இல்லை என்று நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் தாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, "சில பேருக்கு இப்படி ஆகும், நிறைய பேருக்கு ஆகாது. யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது" என்றார். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். போகவில்லை. கண்ணை நம்பி ஒட்டிய முதல் குளியலறையை உடைத்து மறுபடி ஒட்டவேண்டி வந்தது. அதன் பிறகுதான் ரசமட்டம்.

கல்யாணத்துக்கு முன்பே மனைவியிடம் சொல்லிவிட்டார். "அப்ப நான் எப்படித் தெரியறேன்?" என்று அவள் கேட்டாள். "ஓரமா ஆடற. நடுவுல சரியா இருக்க" என்றார். அது போதும் என்று கட்டிக்கொண்டாள்.

அவர்கள் போகிற சபை, இரும்புக்கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, கீழே இரும்பு வெட்டும் சத்தம். பதினான்கு வருடமாக அங்கே அவர், யார் வீட்டுக் குளியலறை ஒழுகினாலும் கூப்பிடுகிற ஆள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, பக்கத்தில் நின்ற தையல்கார அம்மாவிடம் விளையாட்டாகச் சொன்னார்:

"போதகர் கையைத் தூக்கினார் பாருங்க, அதுக்குப் பின்னாடி இன்னும் எட்டு கை. எல்லாம் வெளிச்சமா."

தையல்கார அம்மா நாற்காலியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். "ஸ்தோத்திரம்! நிஜமாவா?"

அந்த இடத்திலேயே சிரித்து, கண் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு அம்மாவின் முட்டிவலிக்கு ஜெபம் பண்ணச் சொன்னார்கள். மகனுக்கு வேலை கிடைக்குமா, ஏதாவது தெரிகிறதா என்று ஒருவர் கேட்டார். அவர் ஒன்றும் தெரிகிறது என்று சொன்னதில்லை. கண்ணை மூடி ஜெபித்தார், அவ்வளவுதான். ஆனால் பிடித்திருந்தது. குளியலறை ஒழுகுவதைப் பற்றி மூன்று மாதமாக யாருமே அவரிடம் பேசவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதை ஊரெல்லாம் தரிசனம்னு சொல்லிட்டுத் திரியுது. நீங்களும் தலையை ஆட்டிட்டு இருக்கீங்க" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

விஷயம் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஒரு வியாழக்கிழமை மதியம், பள்ளிக்கூட வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு மனைவியின் தம்பி உள்ளே வந்தான். வேன் ஓட்டுகிறவன். நாற்பது பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்குவான். பதினான்கு மாதத்துக்கு முன் அவன் மனைவி எட்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறான். அக்கா வைத்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு மலைக்குப் போறேன். அங்க ஒரு வீட்ல முகாம் நடத்துறாங்க. காளான்ல ஒரு கஷாயம் தருவாங்களாம். குடிச்சவங்க இயேசு பக்கத்துல வந்து உட்கார்ந்தார்ங்கறாங்க. செத்துப்போனவங்களையும் பார்க்கலாமாம். திங்கக்கிழமை சாயங்காலம் திரும்பிடுவேன்."

"அறிவு இருக்காடா உனக்கு?" என்றாள் அக்கா.

"அறிவை வெச்சுத்தான் பதினாலு மாசம் ஓட்டினேன். அவ முகம் மறந்துட்டே வருதுக்கா."

அவள் தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "மாமா கண்ணு மாதிரி உன் கண்ணும் ஆயிடுச்சுன்னா? வேன்ல நாற்பது பிள்ளைங்கடா" என்றாள்.

"அதுக்குத்தான் வந்தேன்." அவன் ரசமட்டத்தின் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க அந்தத் தாளை வெச்சீங்கன்னு அக்கா எப்பவோ சொல்லியிருக்கா. இப்ப சபையே நீங்க ஒளியைப் பார்க்கறீங்கங்குது. ரெண்டும் ஒண்ணுதானே? உங்களுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கக் கூடாதா?"

"மாப்ள, அது ஒளி இல்ல. நோய்."

"நோயா? அப்ப சபையில ஏன் சொல்லலை? மூணு மாசமா எல்லார் தலையிலயும் கையை வெச்சீங்க. நான் கேட்டா மட்டும் நோயா?"

தம்பி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

"உங்க வாய்ல இருந்து வந்தா கேட்பான்னு நினைச்சேன்" என்றாள் மனைவி, தட்டை எடுத்தபடி. "உங்க வாயைத்தான் நீங்க சபைக்குக் குடுத்துட்டீங்களே."

வெள்ளியும் சனியும் அவர் ஒரு ஆஸ்பத்திரி நடையில் வேலை பார்த்தார். நீளமான நடை, சாம்பல் நிற டைல். இரண்டு நாளும் கோடுகள் வழக்கத்தைவிட அதிகமாக நெளிந்தன. சரியாகத் தூங்காவிட்டால் அப்படி ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு பையோடு சபைக்கு வந்தான். கடைசி வரிசையில், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாட்சி சொல்கிற நேரம் வந்தது. ரசமட்டம் எழுந்தபோது இரண்டு பேர் முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"கொஞ்சம் இருங்க, ஸ்தோத்திரத்தை அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். "என் கண்ணுல தெரியறது ஆண்டவர் காட்டினது இல்ல. சின்ன வயசுல கடவுளைப் பார்க்கணும்னு ஒரு போதைத் தாளை வெச்சேன். எட்டு தடவை. அது விட்டுட்டுப் போன கோளாறு. போதகர் கை மட்டும் இல்ல, பஸ் கண்டக்டர் கையும் அப்படித்தான் தெரியும். மூணு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். மரியாதை கிடைச்சுது, விட மனசு வரலை."

கீழே இரும்பு வெட்டும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"அந்தத் தாளை வெச்சப்ப ஒண்ணும் தெரியலைன்னு சொன்னா பொய். தெரிஞ்சுது. அழகா இருந்துச்சு. எட்டாவது தடவை என்ன நடந்துச்சுன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. எங்கப்பா அப்ப பக்கவாதத்துல படுத்திருந்தார். வீட்ல நானும் அவரும்தான். காலைல வெச்சேன். பத்து மணி வாக்குல பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிட்டார். அவர் குரல் எனக்கு நீலமா தெரிஞ்சுது. சுவத்துல அலை அலையா வந்துச்சு. எவ்வளவு அழகுன்னு பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டார். எனக்கு உலகத்துல எல்லார் மேலயும் அன்பு பொங்குச்சு. எழுந்து போகத்தான் தோணலை."

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு மேலதான் எழுந்து போனேன். அஞ்சு மணி நேரமா ஈரத்துல கிடந்திருக்கார். முதுகெல்லாம் செவந்து கிடந்துச்சு. திட்டலை. 'வேலைக்குப் போயிருந்தியாப்பா?'ன்னு கேட்டார். ஆமான்னேன்." அவர் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். "அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவருக்குத் துணி மாத்தினேன், புரட்டிப் போட்டேன். ஒரு ஒளியும் வரலை. பினாயில் வாசனைதான். அன்னைக்கு ஆண்டவர் எங்க வீட்ல இருந்தார்னா அந்தச் சுவத்துல இல்ல. பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிட்டுட்டு இருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

உட்காரப் போனவரை முட்டிவலி அம்மா விடவில்லை. "ஆனா நீங்க ஜெபம் பண்ணி எனக்கு வலி குறைஞ்சுதே?"

"அது ஆண்டவர் பார்த்துக்கிட்டதும்மா. என் கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல பிரசங்கம் வேண்டாம்னு தோணுது" என்றார். "ஆனா எழுதிட்டு வந்துட்டேன்." யாரோ சிரித்தார்கள். ரசமட்டம் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது. பையும் இல்லை.

வீட்டில் இரண்டு மணிவரை தம்பிக்கு வைத்த மூன்றாவது தட்டு காத்திருந்தது. அவன் போன் அணைந்திருந்தது. இரண்டரைக்கு மனைவி அந்தத் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "இருபத்திரண்டு வருஷமா கூட இருக்கேன். அந்த ரூம் விஷயத்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். 

"சொல்லியிருந்தா கட்டிக்கிட்டிருப்பியா?"

"தெரியலை" என்றாள். குழாயை மூடிவிட்டு, "உங்கப்பா என்ன நினைச்சிருப்பார்னுதான் நானும் யோசிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் தெருமுனையில் போய் நின்றார். தம்பி முகாமுக்குப் போயிருந்தால் இன்றைக்கு வேனை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு வருவான். தூரத்தில் மஞ்சள் வேன் திரும்பியது. அவர் கண்ணுக்கு அதன் பின்னால் இன்னும் ஆறு மஞ்சள் வேன்கள் வந்தன. முன்கண்ணாடியில் வெயில் அடித்து, உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை. அருகில் வந்து நிற்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வேன் நின்றது. தம்பிதான். மூன்று நாள் தாடி, சிவந்த கண். பின்னால் பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்திக்கொண்டிருந்தன.

"வேவு பார்க்க வந்தீங்களா மாமா?"

"ஆமா."

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஏறலை. ஏறக் கூடாதுன்னு இல்ல. நாளைக்கு ஏறினாலும் ஏறுவேன். உங்க மேல இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

"இரு."

"எங்க வீட்டுச் சமையலறையில அடுப்புக்குக் கீழ ஒரு டைல் ஒடைஞ்சு கிடக்கு. மாத்துங்கன்னு அவ ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தா. நான்தான் தள்ளிட்டே வந்தேன்." பின்னால் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. "டேய், அவன் பென்சிலைக் குடு! மதியம் சும்மாதான் இருப்பேன் மாமா."

மதியம் ரசமட்டம் போனார். உடைந்ததைப் பெயர்த்து, அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசை பூசிப் புது டைலை வைத்தார். நிறம் ஒரு சாயல் தூக்கலாகத்தான் இருந்தது. அந்தப் பழைய நிறம் இப்போது வருவதில்லை. ரசமட்டத்தை அதன் மேல் வைத்தார். தரை முழுவதும் நெளிந்துகொண்டிருந்தது.

"நீ பாரு மாப்ள. குமிழ் நடுவுல இருக்கா?"

தம்பி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை டைலோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். நேரமாயிற்று. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரசமட்டம் அவசரப்படுத்தவில்லை.

"கொஞ்சம் உங்க பக்கம் போயிருக்கு" என்றான்.

அவர் ரப்பர் சுத்தியால் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இப்ப?"