மாமாவின் தலைமுடியும் ஒரு பிஸ்கட் டின்னும்

எனக்குக் கைராசி உண்டு என்று கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மலாய் நாட்டில், டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறம், மண்ணெண்ணெய்த் தகரத்தில் அம்மா மூன்று முறை நட்டும் பட்டுப்போன கறிவேப்பிலைக் கன்று, நான் நட்டபோது பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது எட்டு வயது. அந்த மாதம் மழை விடாமல் பெய்தது என்பதுதான் உண்மை. மாமா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"இவ கை ராசியான கைக்கா. இனிமே என் தலைக்கு இவதான் எண்ணெய் வைக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

மழைக்குப் போகவேண்டிய பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமாவின் எண்ணெய் லேசுப்பட்டதல்ல. தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை, செம்பருத்திப்பூ, கரிசலாங்கண்ணிச் சாறு எல்லாம் போட்டு அம்மா இரும்புச் சட்டியில் காய்ச்சுவாள். கரும்பச்சையாக இறங்கும். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் மாமா கிளார்க்காக இருந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்காருவார். நான் பின்னால் நின்று உச்சியிலிருந்து பிடரி வரை தேய்ப்பேன். பிறகு சீயக்காய்க் குளியல். மற்ற நாட்களுக்கென்று அதே எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் கண்ணாடி அருகே இருக்கும். முன்முடியை அலையாகத் தூக்கிச் சீவி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். அப்பா ஒரு நிமிடத்தில் சீவிக்கொண்டு போகிறவர். அவர் வாசலில் நின்று செருமிக்கொண்டே இருப்பார்.

ஒரு சனிக்கிழமை என் விரல்களோடு முடி வந்தது. ஏழெட்டு இழைகள். அடுத்த வாரம் அதைவிட அதிகம். ராசியான கை என்று நம்பித் தலையைக் கொடுத்திருக்கிறார், அந்தக் கையே அவர் முடியைப் பிடுங்குகிறதே என்று பயந்தேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடியைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா கம்பெனியிலிருந்து ஒரு காலி பிஸ்கட் டின் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறக்கக் கரண்டிக் காம்பு வேண்டும், அவ்வளவு இறுக்கம். "கூழாங்கல் பொறுக்கிப் போட்டு விளையாடு" என்றார். எனக்குக் கடவுளே கொடுத்தது போல இருந்தது. வாராவாரம் முடி உருண்டைகளை அதில் போட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்நாளில் நம்மவர்களில் பெண் கிடைப்பதே அரிது. ஏற்கெனவே ஓர் இடத்தில் அவர் நெற்றி ஏறியிருப்பதைப் பார்த்து, வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். இப்போது வந்திருந்தது சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியார் ஒருவரின் மகள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் மாமா அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை பார்த்திருந்தார். அன்றிலிருந்து தலை சீவும்போது பாட்டு வேறு. இதுவும் தட்டிப்போனால் அம்மா தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தட்டிப்போனால் அது என் கையால்தான் என்பதும் எனக்கு மட்டும் தெரியும்.

கிராணியார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மாள் இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் மக்சிக், அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுவோம். பேரன் பேத்தி எடுத்தவர், கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும், ஒரு நரை கிடையாது. அவர் தலைக்கு வைப்பது பூவா கெராஸ் எண்ணெய். கறிக்கு அரைத்துப்போடும் அந்தக் கொட்டையைக் கருகக் கருக வறுத்து, இடித்துப் பிழிந்து எடுப்பார். சனிக்கிழமை மாலை நான் போய், அம்மா கேட்டதாகப் பொய் சொன்னேன். அன்றுதான் பிழிந்திருந்தார். மைபோல் கறுத்த எண்ணெயை ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்து, இரண்டு நாள் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டித்தான் தலையில் வைக்கவேண்டும் என்று மலாயில் இரண்டு தரம் சொன்னார். எனக்கு ஏது இரண்டு நாள்? மாமாவின் புட்டியில் பாதியைக் கொட்டிவிட்டு அப்படியே ஊற்றி நிரப்பினேன். கரும்பச்சை கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை மாமா பதற்றத்தில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு எடுத்துத் தேய்த்துக்கொண்டார். முடி பளபளவென்று நின்றது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

கிராணியார் தடித்த மனிதர். தலையில் கறுப்புத் தொப்பி. வீட்டுக்குள் வந்தும் அதைக் கழற்றவில்லை. மாமாவின் வேலை, சம்பளம், குலதெய்வம் எல்லாம் விசாரித்தார். உச்சிவெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு வியர்த்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் காதுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. பிறகு இன்னொன்று. அது தாடை வழியாகப் போய் வெள்ளைக் காலரில் ஊறி நின்றது.

கிராணியார் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பிக்கு வயசு என்னன்னு சொன்னீங்க?"

"இருபத்தொம்பது" என்றார் அப்பா.

"எஸ்டேட்டுல ஆளுங்க வயச எழுதுறதே என் வேலைலா. சாயம் பூசிக்கிட்டு வர்றவங்கள நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்."

"சாயமில்லீங்க, எண்ணெய்" என்றாள் அம்மா. மாமா காலரைத் தொட்டு, கறுத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியார் எழுந்துவிட்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓடிப்போய் டின்னை எடுத்துவந்து, கரண்டியால் நெம்பித் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா முடிதாங்க. ஒரு வெள்ளை கூட இல்லை. நீங்களே பாருங்க. எண்ணெய மாத்தினது நான்தான். பக்கத்து வீட்டு மக்சிக்கிட்ட வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அவர் ஓர் உருண்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். பிரித்துப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார்.

"கறுப்புதான்" என்றார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்வளவும் எத்தனை நாள்ல?"

"மூணு மாசத்துல" என்றேன், உதவியாக இருக்கட்டுமே என்று.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வயதுப் பொய்யிலிருந்து மாமாவை மீட்டு வழுக்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சொல்லி அனுப்புகிறேன் என்று கிராணியார் புறப்பட்டார். வாசலில் நின்றிருந்த என்னிடம் அவர் குனிந்தார்.

"பாப்பா, அந்த எண்ணெய் எந்த வீட்டுல?"

கையைக் காட்டினேன். பின்னால் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டு அங்கே போனார். வெளியே வந்தபோது கோட்டுப் பை புடைத்திருந்தது.

பத்து நாள் கழித்துச் சம்மதம் வந்தது. அந்தப் பத்து நாளும் நான் யார் தலையையும் தொடவில்லை. ஆவணியில் கல்யாணம். மணமேடையில் தலைப்பாகை கட்டுவதற்காகக் கிராணியார் தொப்பியைக் கழற்றினார். முன்தலையில் ஒரு முடி கிடையாது. மாமா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

மாமாவின் முடியும் நாலைந்து வருடத்தில் போய்விட்டது. ஆனாலும் தனிக்குடித்தனம் போன பிறகுகூட சனிக்கிழமை தோறும் வந்து மணையில் உட்காருவார். "உன் கை பட்டதாலதான் இதாவது மிச்சமிருக்கு" என்பார். நானும் நம்பிக்கொண்டு, இருந்த கொஞ்சத்துக்கு எண்ணெய் வைத்தேன். என் கைமேல் எனக்கு இருந்த பயம் அப்படித்தான் போயிற்று.

மாமா காலமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை என் மகன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் இரண்டு இழை வந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடி. என் கை தானாகப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது அதில் நன்றாகத் தெரிந்தது. கையில் எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் மாமா மணை போட்டு உட்காருகிற இடத்துக்கு எதிரேயும் அவர் தலைவாரும் கண்ணாடிதான் இருந்தது. கூழாங்கல் போட்டு விளையாடுவதற்கு அவ்வளவு இறுக்கமான மூடி எதற்கு என்று எட்டு வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.